இசபெலினோவைப் பார்த்துக்கொண்டவள்

படுத்த படுக்கையாகிவிட்ட ஆளைப் புரட்டிப் போடப் பலம் வேண்டியதில்லை, ஐயா. எட்ட இருக்கிற முழங்காலை மடக்கி வைத்துவிட்டு, தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை கொடுத்து நம் பக்கமாக இழுத்தால் ஆள் தானாக வந்துவிடுவார். தள்ளினால்தான் வராது. என் கணவர் இசபெலினோ தொண்ணூற்றிரண்டு கிலோ, நான் ஐம்பத்தொன்று. ஒன்பது மாதத்தில் அவர் முதுகில் ஒரு புண் வந்தது கிடையாது. இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் எழுதிவிட்டால் பிறகு இதை எழுத யாருக்கும் மனசு வராது.

அரசாங்கம் எனக்குக் கொடுத்த வக்கீல், விசாரணையில் வாயைத் திறக்காதீர்கள் என்றார். முப்பத்து நான்கு வருஷம் வாயைத் திறக்காமல் குடும்பம் நடத்தியவள் நான். அந்தப் பழக்கத்தால் எனக்கு ஒரு நல்லதும் நடந்ததாக நினைவில்லை. அதனால் சொல்லிவிடுகிறேன்.

இசபெலினோ பஸ் டிரைவர். எங்கள் ஊர் காராபெகுவாவில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. ஹாரனை இரண்டு தடவை அடித்தால் அவர் பஸ் என்று கோழிகளுக்குக்கூடத் தெரியும். கிழவிகளைக் கையைப் பிடித்து ஏற்றுவார், குமரிகளை இடுப்பைப் பிடித்து ஏற்றுவார். வெள்ளிக்கிழமை மட்டும் அவருக்கு அகாய் ஊர்ப் பக்கம் கடைசி வண்டி. அந்த பஸ் ராத்திரி அங்கேயே தங்கும், டிரைவரும் அங்கேயே தங்குவார். அகாயில் சுனில்டா என்று ஒரு விதவை, தையல்காரி. பஸ் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்தவள் அவள்தான். அந்த பஸ்ஸுக்கு வருஷத்துக்கு நாலு தடவை திரை மாறும். அவ்வளவு சீக்கிரம் அழுக்காகிற பஸ்ஸை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. கடவுள் எனக்குக் கொடுக்கவில்லை. அவருக்குக் கொடுத்ததாக ஒரு பேச்சு உண்டு.

போன பிப்ரவரியில் பணிமனையில் பஸ் கழுவிக்கொண்டிருந்தபோது விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் மொத்தமாகப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. பத்தொன்பது நாள் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் என்றால் யார் என்று எந்த டாக்டரும் கேட்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா. அது எப்போதும் வாசலில் பையோடு நிற்கிற பொம்பளைதான்.

முன்னறையில் கட்டிலைப் போட்டேன், ஜன்னல் வழியாகத் தெரு தெரிகிற மாதிரி. முதல் மாதம் எப்படிப் போனது என்று எனக்கே தெரியாது. துணி மாற்றுவது, துடைப்பது, மரவள்ளிக்கிழங்கைக் கூழாக மசித்து ஊட்டுவது, அவர் அதை என் முகத்திலேயே துப்புவது, நான் என்னையும் துடைத்துக்கொண்டு மறுபடி ஊட்டுவது. இடது கையால் ஓங்கி அடிப்பார். அழுவார். அழுவது எதற்கு என்று சொல்ல அவருக்கு வார்த்தை வராது. வீட்டில் மூத்திர வாடை ஏறிவிட்டது, எத்தனை தேய்த்தாலும் போகவில்லை. உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவேன். ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே தூங்கி விரலை வெட்டிக்கொண்டேன். பாருங்கள், தழும்பு இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் சுனில்டா போன் செய்தாள்.

"நான் சுனில்டா பேசறேன்க்கா, அகாய்ல இருந்து. டிரைவர் எப்படி இருக்கார்?"

"வலது பக்கம் அசையல. பேச்சு இல்ல. எல்லாம் படுக்கையிலதான். வந்து எடுத்துட்டுப் போறியா, துணியெல்லாம் கட்டி வைக்கட்டா?"

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓட ஆரம்பித்தது.

"தேறட்டும்க்கா," என்றாள். "தேறினப்புறம் வந்து பாத்துக்கறேன்."

நான் அவள்மேல் கோபப்படவில்லை. நியாயமாகத்தான் பேசினாள். நடக்க முடியாத ஆண்பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வாள், அவள் அவனுக்குப் பெண்டாட்டியாக இருந்தாலொழிய. ஆனால் அந்த வார்த்தை என் மனதில் உட்கார்ந்துவிட்டது. தேறட்டும். ஆள் என்னிடம் இருப்பது தேறும்வரைதான் என்று ஒரு தவணை வைத்த மாதிரி இருந்தது.

ஏனென்றால் அதற்குள் ஒரு விஷயம் நடந்திருந்தது. நான் அறையைவிட்டு வெளியே போனால் அவர் கண் என்னைத் தேடத் தொடங்கியது. அடுப்படியிலிருந்து பார்ப்பேன், கண் கதவிலேயே நிற்கும். திரும்பி வந்தால் மூச்சு விடுவார். முப்பத்து நான்கு வருஷத்தில் அந்த மனுஷன் நான் எங்கே போனேன் என்று ஒரு தடவை யோசித்திருப்பாரா. வெள்ளிக்கிழமை வந்தால் சாயங்காலம் அவருக்கு முகச்சவரம் செய்துவிட்டு, முகத்துக்கு கொலோன் தடவி, பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோவில் போல்கா பாட்டு கேட்போம். நான் சந்தோஷமாக இருந்தேன், ஐயா. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைக்காத வெள்ளிக்கிழமைகள் அவை.

ஊரும் என்னைத் தூக்கிவைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு பொர்ஃபிரியாக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏடி நிமியா, நீ மனுஷியே இல்லடி. அந்தக் கடன்காரன் உன்னைப் படுத்தின பாட்டுக்கு நானா இருந்தா தலையணையை வச்சு அமுக்கியிருப்பேன்," என்பாள். நான் சிரித்துக்கொள்வேன். கோவில் கமிட்டிப் பெண்கள் ஆகஸ்ட் திருவிழாவுக்கு மாதா சொரூபத்துக்கு உடை மாற்றும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். ஊரில் நடத்தையில் முதலாக இருக்கிற மனைவிக்குத்தான் அதைக் கொடுப்பது வழக்கம். மாதாவின் கையை நீல அங்கிக்குள் நுழைக்கும்போது, இவளுக்கும் ஒரு பக்கம் விறைத்துத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பழக்கமான வேலையாக இருந்தது.

லிப்ராடா வந்தது ஏப்ரலில். சுகாதார நிலையத்திலிருந்து அனுப்புகிற பிசியோ. செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பதரைக்கு மோட்டார் சைக்கிளில் வருவாள். நாற்பது வயது, நல்ல கனம், இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தாய், தொண்டை பெரிது. அவளைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. வேலையில் நேர்மை, வந்தால் கடிகாரத்தைப் பார்க்க மாட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள்.

"நிமியாக்கா, உங்க வீட்டுக்காரர் எருது மாதிரி இருக்கார். இந்த மாதிரி உடம்பு படுத்துக் கிடக்கறது பாவம். வருஷம் முடியறதுக்குள்ள கேட் வரைக்கும் நடத்திக் காட்டறேன், பாருங்க."

"அவருக்கு அலுப்பா இருக்கும், லிப்ராடா."

"அலுப்பெல்லாம் நம்மளுக்குத்தான்க்கா. என்ன டிரைவர், வலது கால்தானே ஆக்ஸிலேட்டர்? மிதிங்க பாக்கலாம்."

மிதித்தார். பெருவிரல் அசைந்தது. லிப்ராடா கை தட்டினாள். நானும் தட்டினேன். மே மாதம் கட்டிலில் உட்கார்ந்தார். ஜூனில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். அன்றைக்குத்தான் முதல் வார்த்தை வந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, எச்சில் வழிய, சொன்னார்.

"அ-காய்."

"யாருக்கா அது அகாய்?" என்று லிப்ராடா கேட்டாள். அவள் வேறு மாவட்டத்துக்காரி, எங்கள் பக்கத்துக் கதை அவளுக்குத் தெரியாது.

"யாருமில்ல. அது ஒரு ஊரு. ஒரு மலை இருக்கு. வேற ஒண்ணுமில்ல."

"மலை ஏற ஆசையா டிரைவர்? அதுக்கென்ன, ஏத்திட்டாப் போச்சு."

அதற்குப் பிறகு அவள் அந்த வார்த்தையைத் தூண்டில்புழு மாதிரிப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு அருகே போய் நின்றுகொண்டு கையை நீட்டி, "வாங்க டிரைவர், அகாய் இங்க இருக்கு. இன்னும் ஒரு அடி. அகாய் வந்தாச்சு," என்று கூப்பிடுவாள். அவருக்குக் கண் பளபளக்கும். தூக்கவே முடியாத காலைத் தூக்குவார். நான் துண்டோடு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். என் முன்னறையில், நான் துடைத்த தரையில், நான் ஊட்டிய பலத்தில், அவர் அகாய்க்கு நடந்துகொண்டிருந்தார். லிப்ராடா என்னைப் பார்த்து, "நீங்களும் கூப்பிடுங்கக்கா, உங்க குரல் கேட்டா இன்னும் நல்லா வருவார்," என்பாள்.

நானும் கூப்பிட்டேன், ஐயா. "அகாய்" என்று கூப்பிட்டேன்.

இப்போது மாத்திரை விஷயம். ராத்திரியில் கத்திப் புரளுகிறார் என்று ஆஸ்பத்திரி டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார், இரவில் பாதி கொடுக்கச் சொல்லி. ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் ரொம்ப முரண்டு பிடித்தார், நானும் விடியவிடியத் தூங்கவில்லை. மாத்தே இலைத்தூளில் ஊற்றி உறிஞ்சுகிற தெரெரேவுக்கு மூலிகை இடித்துக்கொண்டிருந்தேன். ஜூலைப் பனியிலும் அவருக்குச் சூடான மாத்தே ஆகாது, ஒன்பது மணிக்கு ஐஸ் தண்ணீரில் தெரெரேதான் வேண்டும், உறிஞ்சுகுழல் அவர் இடது வாயோரம் நிற்க வேண்டும். புதினா, எலுமிச்சை வாசனை அடிக்கிற செட்ரோன், நரம்புக்கு நல்லது என்று கொஞ்சம் பேஷன்பழக் கொடி இலை, எல்லாம் மர உரலில் இடித்து, ஜாடித் தண்ணீரில் கலப்பேன். அன்றைக்கு மாத்திரையையும் போட்டு இடித்தேன். நரம்புக்குத்தானே அதுவும். இலையும் மருந்து, மாத்திரையும் மருந்து, இரண்டையும் ஏன் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

லிப்ராடா வந்தபோது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "இன்னிக்கு வேணாம், ஓய்வெடுக்கட்டும். வெள்ளிக்கிழமை பாப்போம்," என்றாள். அந்தக் காலைப்பொழுது வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. நான் அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தூங்கினேன்.

வெள்ளிக்கிழமையும் இடித்தேன். பிறகு செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும். அப்புறம் பார்த்தால், திங்கள்கிழமை கொஞ்சம் தெளிவாக இருந்தால் அந்தத் தெளிவு செவ்வாய்க்கும் வந்துவிடுகிறது. அதனால் திங்களும் வியாழனும் சேர்ந்துகொண்டன. ஒரு வேலையை எடுத்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது என் குணம். தெரெரேயில் முதல் ஊற்றை யாரும் குடிப்பதில்லை, அது புனித தோமையாருக்கு என்று விட்டுவிடுவோம், தூள் அதை உறிஞ்சிக்கொள்ளும். தோமையாருக்குப் போகிற பங்கையும் கணக்கில் வைத்துக் கொஞ்சம் கூடுதலாகப் போடுவேன். மருந்துக்கடையில் பழைய சீட்டையே காட்டுவேன். சீட்டில் தேதி பார்க்கிறவர்கள் எங்கள் ஊரில் இல்லை, முகம் பார்க்கிறவர்கள்தான். என் முகம் கோவில் முகம்.

ஆகஸ்டில் அவர் நிற்பதில்லை. செப்டம்பரில் உட்கார்வதும் இல்லை. லிப்ராடா கவலைப்பட்டு டாக்டரைக் கூட்டி வந்தாள். இன்னொரு சின்ன பக்கவாதம் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். நான் மறுக்கவில்லை. டாக்டரை எதிர்த்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. போகும்போது லிப்ராடா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்க தப்பு பண்ணினேன்னே தெரியலக்கா. இவ்ளோ நல்லா வந்துட்டு இருந்தார்."

"நீ ஒரு தப்பும் பண்ணல," என்றேன். அது உண்மைதான். அவள் கண்ணைத் துடைத்து, பையில் இரண்டு சிப்பா ரொட்டி வைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

நான் அவரைக் கொடுமைப்படுத்தினேன் என்று குற்றப்பத்திரிகையில் இருப்பதாக வக்கீல் படித்துக் காட்டினார். ஐயா, நீங்கள் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவர் சட்டையில் கறை இருந்ததா, நகம் வளர்ந்திருந்ததா, ஈ மொய்த்ததா என்று கேளுங்கள். அவர் பட்டினியாகக் கிடந்தது நான்கே நாள்தான், அதுவும் என்னால் இல்லை, பொர்ஃபிரியாக்காவால்.

நவம்பர் மூன்றாம் வாரம். அவள் மீன் சூப் கொண்டுவந்தாள். அந்த வெயிலுக்கு மீன் கெட்டுப்போயிருக்கிறது, அல்லது அவளுக்கு மூக்கு கெட்டுப்போயிருக்கிறது. இசபெலினோவுக்கு வயிறு பிடுங்கிக்கொண்டது. தெரெரே கூடாது, உப்புச்சர்க்கரைத் தண்ணீர் மட்டும் கொடுங்கள் என்றார்கள் சுகாதார நிலையத்தில். நான்கு நாள் உரல் கழுவிக் கவிழ்த்தே இருந்தது. எத்தனை துணி துவைத்தேன் என்று கேட்காதீர்கள்.

வியாழக்கிழமை கடைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால், அவர் உட்கார்ந்திருந்தார். கட்டில் கம்பியில் நான் கட்டிவைத்த துணியைப் பிடித்து எழுந்து, இரண்டு காலையும் தரையில் தொங்கப் போட்டு, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

"நிமியா," என்றார்.

பை என் கையிலிருந்து விழுந்தது. பக்கவாதம் வந்த பிறகு என் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால்கூட எப்போது சொன்னார் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை, "ஏய்" என்றுதான் கூப்பிடுவார். நான் போய் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் அந்தச் சொல்லோடு நிறுத்தியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், உரலை அடுப்பில் போட்டு எரித்திருப்பேன். லிப்ராடா காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

"நிமியா," என்றார் மறுபடி. ஜன்னலைக் காட்டினார். "பஸ்... எத்தனை... மணி?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. வயிறு சரியாகிவிட்டது, தெரெரே கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். விட்டுப்போன நான்கு நாளுக்கும் சேர்த்து இடித்தேன். ஐஸைப் போட்டு ஜாடியை மூடி வைத்துவிட்டு அவருக்கு முகம் கழுவிவிடும்போதே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அன்றைக்கு அவள் ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள். அவர் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

லிப்ராடா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் உட்கார்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தார், கோணல் வாயால்.

"டிரைவர், எங்க போயிருந்தீங்க இத்தனை நாளா?" என்று கேட்டாள்.

அப்புறம் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அவள் ஜன்னலுக்குப் போய் நின்றாள். கையை நீட்டினாள். "அகாய்," என்றாள், மெதுவாக, எப்போதும்போல் கத்தாமல். அவர் எழுந்தார். கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஏழு அடி. வலது காலை இழுத்து இழுத்து, ஆனால் யாரையும் பிடிக்காமல். ஏழாவது அடியில் அவள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அழுதார்கள். நான் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன்.

உட்கார்ந்த பிறகு இரண்டு பேருக்கும் வியர்வை ஊற்றியது. நவம்பர் வெயில், உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் தெருவில் போகிறவன்கூட நின்று ஒரே கிண்ணத்தில் ஒரே குழலில் குடித்துவிட்டுப் போவான். தொற்றுக் காலத்துக்குப் பிறகு அவரவர் தெர்மாஸை அவரவர் சுமக்கிறார்கள். லிப்ராடாவும் அப்படித்தான், எட்டு மாதமாக என் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்தவளில்லை. அன்றைக்குப் பார்த்து வழியில் வார் அறுந்து தெர்மாஸ் கீழே விழுந்து உடைந்திருந்தது.

நான் கொம்புக் கிண்ணத்தில் தூள் போட்டு, தோமையாருக்கு ஊற்றி, பிறகு அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். அவர் இடது கையால் வாங்கினார். குடிக்கவில்லை. லிப்ராடாவிடம் நீட்டினார்.

நீட்டிய கிண்ணத்தை வேண்டாம் என்று சொல்வது எங்களிடம் முகத்தில் அறைகிற மாதிரி. அதுவும் இப்போதுதான் ஏழு அடி நடந்த ஆள் நீட்டுகிறார். அவள் என்னைப் பார்த்தாள். "தொத்து நோயெல்லாம் போகட்டும்க்கா, இன்னிக்கு இவரோட குடிக்கலேன்னா நான் மனுஷியா?" என்று சொல்லிவிட்டு, கடகடவென்று உறிஞ்சினாள். "இலை நல்லா இடிச்சிருக்கீங்க. கொஞ்சம் கசக்குது. எனக்குக் கசப்புப் பிடிக்கும்." கிண்ணம் என்னிடம் வந்தது.

நான் ஊற்றினேன். அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. நான் ஊற்றுகிறவள், கிண்ணம் என்னிடம்தான் திரும்பி வரும். அவளுக்கு ஆறு தடவை ஊற்றினேன்.

ஜாடியைத் தட்டிவிட்டிருக்கலாமே என்று நேற்றும் கேட்டீர்கள். யோசித்தேன், ஐயா. யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் தடவை ஊற்றும்போது யோசித்தேன். ஆனால் கைதவறினால் ஜாடி உடையும், அது டொபாட்டியில் வாங்கின மண்ஜாடி, அந்த மாதிரி தண்ணீர் குளிர்கிற ஜாடி இப்போது கிடைப்பதில்லை. இரண்டாவது தடவை, கனத்த உடம்பு, இவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். மூன்றாவது தடவை ஊற்றும்போது, ஆகட்டுமே என்று நினைத்தேன். எங்கேயாவது விழுந்து கையைக் காலை உடைத்துக்கொண்டால் ஒரு மாதம் வர மாட்டாள். ஒரு மாதம் போதும், நான் அவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுவேன். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது தடவை ஒன்றுமே யோசிக்கவில்லை. கை ஊற்றிக்கொண்டிருந்தது.

வெறும் வயிற்றோடு போகாதே என்று சிப்பா கொடுத்தேன். வாசலில் ஹெல்மெட்டை மாட்டும்போது பெரிய கொட்டாவி விட்டாள்.

"வெயில்க்கா," என்றாள்.

"ஆமா, வெயில்," என்றேன்.

"செவ்வாய்க்கிழமை கேட் வரைக்கும். சொல்லிட்டேன். டிசம்பர் மாதா திருநாளுக்கு நீங்க ரெண்டு பேரும் கைகோத்து கோவிலுக்கு நடந்து போறீங்க, நான் பின்னால வந்து போட்டோ எடுக்கறேன்."

"பாத்துப் போ, லிப்ராடா," என்றேன்.

செங்கல் சூளை வளைவில் எதிரே மணல் லாரி. அவள் பிரேக் போட்ட தடமே ரோட்டில் இல்லை என்று போலீஸ்காரர் சொன்னார். உயிர் போகவில்லை. முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே இனி இல்லையாம். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கண் விழித்ததும் அவளிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறார்கள். நிமியாக்கா வீட்டுச் சிப்பா, நிமியாக்கா வீட்டுத் தெரெரே என்று சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதுகூட எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லையே, அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று விசாரித்தாளாம். நல்ல பெண் என்று சொன்னேனே.

போலீஸ்காரர் வந்தபோது நான் இசபெலினோவைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மனுஷர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நான் முடிக்கும்வரை காத்திருந்தார். உரலை நானே எடுத்துக் கொடுத்தேன்.

லிப்ராடாவை அவளுடைய அம்மா பார்த்துக்கொள்கிறாராம். எழுபது வயதுக் கிழவி, பாவம். நான் இங்கிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். குதிகால் படுக்கையில் படக் கூடாது, கணுக்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைக்க வேண்டும், விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது, சாப்பாட்டை அவள் முகத்தில் துப்பினால் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது. பதில் வரவில்லை. புரிந்துகொள்ள முடிகிறது, முதல் மாதங்களில் எதற்கும் நேரம் இருக்காது.

ஆக, லிப்ராடா விஷயத்தில் நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் சரி. தெரிந்துதான் ஊற்றினேன், கொட்டாவியைப் பார்த்துவிட்டுத்தான் வழியனுப்பினேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் குற்றப்பத்திரிகையில் இரண்டாவதாக ஒன்று இருக்கிறது. நடக்கக்கூடிய மனுஷனை நடக்கவிடாமல் படுக்கையில் போட்டு வைத்தேன் என்று. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பொர்ஃபிரியாக்கா என்னைப் பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் தன் கைப்பையைப் பார்த்துப் பேசினாள்.

"ஏடி, உன் புருஷன் நடக்கறான்டி. தடி ஊன்றி, முதல்ல கேட் வரைக்கும் வந்தான். அப்புறம் பெட்டிக்கடை. நேத்து முன்தினம் தெருமுனைக்கு வந்து, கைகாட்டி பஸ்ஸை நிறுத்தி, தானா ஏறிப் போனான். நான் வேலியில நின்னு பாத்தேன்."

"நேத்து முன்தினம் என்ன கிழமை?" என்று கேட்டேன்.

எனக்குக் கொண்டுவந்த சிப்பாவை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஊர்க்காரர்களுக்கு வம்புதான் சாப்பாடு, ஐயா. இன்றைக்குப் புனிதை என்பார்கள், நாளைக்கு வேறு சொல்வார்கள். வேலியில் நின்று பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும். ஒன்பது மாதம் அந்த உடம்பைத் தொட்டுத் துடைத்தவள் நான், அந்தக் கால் என்ன தாங்கும் என்று எனக்குத் தெரியாதா. காராபெகுவாவிலிருந்து வருகிற பஸ் இந்தச் சிறைச்சாலை வாசலிலேயே நிற்கிறது, இறங்கினால் பத்தடி. நான் இங்கே வந்து எட்டு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது, ஒவ்வொரு ஞாயிறும் குளித்து, தலை வாரி, அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அவரால் நடக்க முடிந்திருந்தால் என்னைப் பார்க்க வந்திருப்பார்.